கேள்வியை வாலிலிருந்து படிப்பது எப்படி? கட்டுரை, கடிதம் எழுதும் குழந்தைகளுக்காக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக வரும் வினாக்கள் தமிழ்நாட்டுப் பள்ளி வினாத்தாள்களின் பாணியில் இந்தப் பக்கத்துக்காகவே எழுதப்பட்டவை.

என் மகள் பிழையில்லாமல், அழகாக எழுதுகிறாள். ஆனாலும் "கேட்டது வேறு, எழுதியது வேறு" என்று மதிப்பெண் குறைகிறது. எங்கே சறுக்குகிறது?

பெரும்பாலும் கேள்வியின் முதல் இரண்டு மூன்று சொற்களில்தான். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. என்ன செய்ய வேண்டும், யாருக்குச் செய்ய வேண்டும், எந்த வடிவத்தில் என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. தலையில் இருப்பது இடமோ பொருளோதான். குழந்தை தலையைப் பார்த்தவுடன் பேனாவைத் திறந்துவிடுகிறது.

இந்த வினாவைப் பாருங்கள்: "உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, கூடுதல் நூல்கள் வழங்குமாறு மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதுக."

"நூலகம்" என்று கண்ணில் பட்டதும், காலாண்டுத் தேர்வுக்குப் படித்த "நூலகத்தின் பயன்கள்" கட்டுரை நினைவுக்கு வரும். நூலகம் அறிவுச் சுரங்கம், நூல்கள் நம் நண்பர்கள் என்று ஒரு பக்கம் ஓடும். கடைசியில் "எனவே நூல்கள் வழங்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி ஒட்டப்படும். எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் சிறுவர் நூல்கள் குறைவு என்ற பேச்சே அதில் இல்லை.

அப்படியானால் எப்படிப் படிக்கச் சொல்ல வேண்டும்?

முதலில் ஒரு முறை இயல்பாக, தலையிலிருந்து வால் வரை. பிறகு வாலைப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு சொல்லிலும் நின்று ஒரு கேள்வி கேட்டு முன்னால் நகர வேண்டும். மேலே உள்ள வினாவில் அது இப்படிப் போகும்.

எழுதுக. எதை? கடிதம். யாருக்கு? மாவட்ட நூலக அலுவலருக்கு. என்ன செய்யுமாறு? கூடுதல் நூல்கள் வழங்குமாறு. எதைச் சொல்லி? சிறுவர் நூல்கள் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டி. எங்கே? உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில்.

ஐந்து கேள்வி, ஐந்து பதில். எதை, யாருக்கு, என்ன செய்யுமாறு, எதைச் சொல்லி, எங்கே என்ற இந்த ஐந்தும் பெரும்பாலான கடித வினாக்களுக்குப் பொருந்தும். இனி கடிதத்தின் உடல் தானாக உருவாகும். எங்கள் ஊர் நூலகம் எங்கே இருக்கிறது, சிறுவர் பகுதியில் எத்தனை நூல்கள் இருக்கின்றன, அவை எந்த நிலையில் இருக்கின்றன, வாரத்தில் எத்தனை பிள்ளைகள் வருகிறோம், என்ன மாதிரி நூல்கள் வேண்டும். "அறிவுச் சுரங்கம்" வரிக்கு இடமே இல்லை. மாவட்ட நூலக அலுவலருக்கு நூலகத்தின் பயனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது குழந்தைக்கே புரிந்துவிடும்.

தொடக்கத்தில் இதை வாய்விட்டுச் செய்ய வேண்டும். ஆசிரியர் "எதை?" என்று கேட்க, குழந்தை விரலால் சொல்லைத் தொட்டுப் பதில் சொல்லட்டும். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பத்துப் பன்னிரண்டு வினாக்கள் இப்படிப் போன பிறகு, கேட்கும் வேலையையும் குழந்தையே எடுத்துக்கொள்ளும்.

"இதில் கேள்விக்குறியே இல்லையே, இது எப்படிக் கேள்வி?" என்று மாணவர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நல்ல கேள்வி. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றில் ஏவல் வினா என்பது கேள்வி வடிவில் வரும் கட்டளை. "கடைக்குப் போய் வருகிறாயா?" என்று அம்மா கேட்டால், பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று பொருள். கட்டுரை வினா இதற்கு நேர்மாறானது. வெளியே கட்டளை, உள்ளே கேள்விகள். "மழைநீர் சேகரிப்பின் தேவையையும் அதைச் செய்யும் முறையையும் விளக்குக" என்பது கட்டளை. உள்ளே இருப்பவை "ஏன் சேகரிக்க வேண்டும்? எப்படிச் சேகரிப்பது?" என்ற இரண்டு கேள்விகள்.

ஆகவே மாணவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை, உள்ளே எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்வது. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் கேள்விக்குறியோடு எழுதச் சொல்லுங்கள். அவற்றின் எண்ணிக்கையே பத்திகளின் எண்ணிக்கை என்று ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிவிடலாம். பெரிய வகுப்பில் அது கொஞ்சம் நெகிழும்.

எழுதுக, வரைக, விளக்குக, கூறுக, சுட்டுக… எல்லாம் ஒன்றுதானா?

எல்லாம் வியங்கோள் வினைமுற்றுகள். இலக்கணப்படி ஒரே குடும்பம், கேட்கும் வேலைதான் வேறு.

மூன்றாம் வகுப்பில் அதிகம் ஏமாற்றுவது "வரைக". "கடிதம் வரைக" என்றால் கட்டம் போட்டு, அஞ்சல்தலை ஒட்டிய உறையைப் படமாக வரையும் குழந்தைகள் உண்டு. தவறு அவர்களுடையது அல்ல. ஓவிய வகுப்பில் வரைவதற்கும் தமிழ் வகுப்பில் வரைவதற்கும் ஒரே சொல் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. "கூறுக" இன்னொன்று. எழுத்துத் தேர்வில் "காரணம் கூறுக" என்று வந்தால், ஆசிரியர் மேசைக்கு வந்து சொல்ல வேண்டுமா என்று தயங்குவார்கள். சிரித்துவிட்டுக் கடக்காமல், "வரைக, கூறுக, தருக எல்லாம் இங்கே எழுது என்றுதான் பொருள்" என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றுக்கு அளவும் ஆழமும் மாறும். "சுட்டுக", "குறிப்பிடுக" என்றால் பெயரைச் சொன்னால் போதும், ஒரு சொல் அல்லது ஒரு வரி. "குறிப்பு வரைக" என்றால் முக்கியமான செய்திகள் மட்டும், மூன்று முதல் ஐந்து வரி. "விளக்குக" என்றால் என்ன என்பதோடு எப்படி, ஏன் என்பதும் வர வேண்டும். "விவரிக்க" என்றால் நடந்தது நடந்தபடி அல்லது இருப்பது இருக்கிறபடி, படிப்பவர் கண்ணில் படும்படி. "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே வாக்கியத்திலோ அடுத்தடுத்த வாக்கியத்திலோ பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் பத்தி முழுக்கச் சிறுத்தை, இரண்டாம் பத்தி முழுக்கப் புலி என்றால் அது இரண்டு குறிப்பு, ஒப்பீடு அல்ல. "சுருக்கி எழுதுக" என்றால் மூல உரையில் மூன்றில் ஒரு பங்கு. 90 சொல் கொடுத்திருந்தால் ஏறக்குறைய 30. "நயம் பாராட்டுக" பெரிய வகுப்பில் வரும். பொருள் மட்டும் எழுதினால் போதாது, எதுகை, மோனை, அணி போன்ற நயங்களைப் பாடல் வரியிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும்.

இதை அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டுவதைவிட, ஒரே பொருளுக்கு வாலை மட்டும் மாற்றிக் கொடுப்பது நன்றாக ஏறும். அந்தப் பயிற்சி கீழே வருகிறது.

சொல்லெல்லாம் தெரிகிறது, ஆனாலும் பாதியை விட்டுவிடுகிறான். ஏன்?

விகுதிகளையும் உருபுகளையும் தாண்டிப் போகிறான். தமிழில் ஒரு எழுத்தும் இரண்டு எழுத்துமாக ஒட்டிக்கொண்டிருப்பவைதான் பாதி வேலையைச் சொல்கின்றன. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைகளிடம் இந்தச் சறுக்கல் கூடுதலாகத் தெரியும், ஆங்கிலத்தில் இவற்றில் பல தனிச் சொற்களாகக் கண்ணில் படும்.

முக்கியமானது "உம்". "மரங்களின் பயன்களையும் அவற்றைக் காக்கும் வழிகளையும் எழுதுக" என்பதில் "உம்" இரண்டு முறை வருகிறது. அதாவது இரண்டு பகுதி, இரண்டும் கட்டாயம். மதிப்பெண் குறைந்த விடைகளில் பயன்கள் ஒன்றரைப் பக்கமும் காக்கும் வழிகள் இரண்டு வரியுமாக இருப்பதைப் பார்க்கலாம். "உம்"மைக் கண்டால் வட்டம் போடு, வட்டத்தை எண்ணு என்பது எளிய விதி. இதில் ஒரு சிக்கல் உண்டு: "அனைவரும்", "என்றும்", "யாரும்" போன்ற சொற்களில் உள்ள "உம்" தனிப் பகுதியைக் குறிக்காது. அதே உருபோடு மறுபடி வந்தால்தான் கணக்கு.

அடுத்தது "உடன்". "எடுத்துக்காட்டுடன் விளக்குக", "காரணங்களுடன் எழுதுக". இது கூடுதல் அலங்காரம் அல்ல. எடுத்துக்காட்டு இல்லையென்றால் விடை முழுமையடையாது.

"ஆல்" ஒரு பக்கம், "ஐ" ஒரு பக்கம். "கைப்பேசியால் மாணவருக்கு ஏற்படும் தீங்குகள்" என்பது ஒரு கட்டுரை. "மாணவர் கைப்பேசியைப் பயன்படுத்தும் முறை" என்பது முற்றிலும் வேறு. தலைச்சொல் இரண்டுக்கும் கைப்பேசிதான்.

பிறகு "அல்லது", "ஏதேனும் ஒன்றனுக்கு", "எவையேனும் மூன்றனுக்கு". ஒன்று எழுதச் சொன்ன இடத்தில் இரண்டையும் எழுதி நேரத்தை இழக்கும் நல்ல மாணவர் வகுப்புக்கு இருவராவது இருப்பார்கள். "ஒன்றனுக்கு" என்ற வடிவமே அவர்களுக்குப் புதிது.

பிரச்சினை படிப்பதிலா, புரிந்துகொள்வதிலா, எழுதுவதிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து நிமிடச் சோதனை போதும். முதலில் குழந்தை வினாவைத் தானே படித்து, என்ன செய்யச் சொல்கிறது என்று வாயால் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் நீங்கள் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். கேட்டதும் சரியாகச் சொல்லிவிட்டால் குறை எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு வாசிப்புப் பயிற்சிதான் மருந்து, கட்டுரைப் பயிற்சி அல்ல.

கேட்டும் சொல்ல முடியவில்லை என்றால், அதே வினாவைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நம்ம ஊரு லைப்ரரில சின்னப் பசங்க புக்கு கம்மியா இருக்குல்ல, அதச் சொல்லி, இன்னும் புக்கு வாங்கிக் குடுங்கன்னு ஆபீசருக்கு லெட்டர் எழுதணும்." இப்போது புரிந்துவிட்டால், தடை வினாத்தாளின் எழுத்துத் தமிழ். அதற்கு எதிர்த்திசைப் பயிற்சி வேண்டும்: ஒவ்வொரு வினாவையும் குழந்தையே வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்வது. "சுட்டிக்காட்டி"க்கு "அதச் சொல்லி", "வழங்குமாறு"க்கு "குடுங்கன்னு". மாற்றிச் சொல்லும்போது எந்தத் துண்டு விடுபடுகிறதோ, அதுதான் விடையிலும் விடுபடும். வகுப்பில் பேச்சுத் தமிழா என்று தயங்க வேண்டாம். விடையை எழுத்துத் தமிழில் எழுதினால் போயிற்று.

மூன்றாவது நிலை: என்ன கேட்கிறார்கள் என்று சரியாகச் சொல்கிறாள், வாயால் விடையும் சொல்கிறாள், எழுதும்போது மட்டும் வேறெங்கோ போகிறாள். இது கேள்விப் பிரச்சினை அல்ல. எழுதிக்கொண்டே போகையில் கேள்வியை மறக்கிறாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு முறை வினாவைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போதும்.

"மழை நாள்" என்று கேட்டால் எப்போதும் மழையின் பயன்களையே எழுதுகிறார்கள்.

நான்காம் வகுப்பு வினா: "மழை பெய்த ஒரு நாளில் நீ கண்டதைப் பத்துத் தொடர்களில் எழுதுக."

வழக்கமான விடை இப்படித் தொடங்கும்: "மழை வானத்திலிருந்து பெய்கிறது. மழை நமக்கு நீர் தருகிறது. மழை உழவர்களுக்கு உதவுகிறது. மழை இல்லாவிட்டால் உயிர்கள் வாழ முடியாது." ஒவ்வொரு தொடரும் உண்மை, ஒன்றுகூட விடை அல்ல.

இங்கே தவறவிட்ட சொற்கள் மூன்று: "ஒரு நாளில்", "நீ", "கண்டதை". திருத்தும்போது "தவறு" என்று எழுதாமல் அந்த மூன்றையும் வைத்துக் கேளுங்கள். எந்த நாள்? எங்கே நின்றுகொண்டிருந்தாய்? கண்ணில் என்ன பட்டது? "போன வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது மழை பிடித்தது. நான் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்றேன். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவன் பேசியது கேட்கவில்லை" என்று வரும்.

இன்னொரு அடையாளம் உண்டு. இப்படிப்பட்ட வினாவுக்குச் சரியான விடையில் வினைகள் இறந்தகாலத்தில் இருக்கும்: பிடித்தது, நின்றேன். "பெய்கிறது, தருகிறது, உதவுகிறது" என்று நிகழ்காலம் வரிசையாக வந்தால் குழந்தை பொதுவுண்மைக்குப் போய்விட்டது என்று பொருள். எட்டு வயதுக் குழந்தையாலும் வினைகளுக்கு அடிக்கோடிட்டு இதைத் தானே சரிபார்க்க முடியும்.

மனப்பாடக் கட்டுரையே இதற்குக் காரணமா? நிறுத்திவிட வேண்டுமா?

ஒரு காரணம். உரைநூலில் உள்ள கட்டுரையை வரி மாறாமல் ஒப்பித்தவருக்கு, தலைப்பில் ஒரு சொல் ஒத்துப்போனாலே கை ஓடத் தொடங்கிவிடும். ஆனாலும் முழுவதுமாக நிறுத்தச் சொல்ல மாட்டோம். மேற்கோள், குறள், நல்ல சொற்றொடர் ஆகியவை மனத்தில் இருப்பது நல்லதுதான். ஒப்பித்த கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் இந்த வினாவுக்கு உதவும் வரி எது, உதவாத வரி எது என்று பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள். "நூலகத்தின் பயன்கள்" கட்டுரையின் பதினெட்டு வரியில் மேலே பார்த்த கடிதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும் என்று குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும்.

படத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் "மரம் உள்ளது, நாய் உள்ளது" என்று அடுக்குகிறார்கள்.

இரண்டாம் வகுப்பு வரை அது சரியான விடையே. அதற்கு மேல் "உள்ளது", "இருக்கிறது" இரண்டையும் சேர்த்து இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்று கட்டுப்படுத்துங்கள். உடனே வேறு வினைச்சொல் தேட வேண்டிவரும்: நாய் என்ன செய்கிறது, யாரைப் பார்க்கிறது, மரத்தடியில் யார் ஏன் நிற்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று 5 மதிப்பெண்ணுக்கு வருவது இதே வேலையின் வளர்ந்த வடிவம். "கவினுற" என்றால் அழகுபட. படத்தில் உள்ள பொருள்களின் பட்டியலை அது கேட்கவில்லை.

குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதும்போது என்ன தவறுகிறது?

"முன்னுரை – நெகிழியின் பெருக்கம் – மண்ணுக்கும் நீருக்கும் வரும் கேடு – மாற்றுப் பொருள்கள் – மாணவர் பங்கு – முடிவுரை." இப்படிக் குறிப்பு வந்தால் ஒவ்வொரு கோட்டுக்கு இடையிலும் ஒரு பத்தி. ஆறு துண்டு, ஆறு உட்தலைப்பு, அதே வரிசை. குறிப்பிலேயே இன்னொரு "உம்" ஒளிந்திருக்கலாம்: மண்ணுக்கும் நீருக்கும். மண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போவது வழக்கமான இழப்பு.

"மாற்றுப் பொருள்கள்" என்ற குறிப்பைத் "நாம் மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும்" என்று வாக்கியமாக்கி நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. குறிப்பில் இல்லாத ஒரு சொல்லாவது பத்தியில் வந்தாக வேண்டும்: மஞ்சப்பை, வாழையிலை, தூக்குவாளி, மண்குவளை.

கதைக் குறிப்பும் இப்படித்தான். குறிப்பில் முடிவு கொடுத்திருந்தால் அதை மாற்ற உரிமை இல்லை. கொடுக்காவிட்டால் முழு உரிமை உண்டு.

"நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா?" என்றால் "இரண்டும் சிறந்தவையே" என்று முடிக்கிறார்களே?

பட்டிமன்ற நடுவரின் பழக்கம் தொற்றிவிட்டது. "எது சிறந்தது என உன் கருத்தை எழுதுக" என்ற வினா உங்கள் பிள்ளையை நடுவர் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. ஒரு அணியில் பேசச் சொல்கிறது. முதல் பத்தியிலேயே பக்கம் தெரிய வேண்டும். எதிர் அணி சொல்லக்கூடிய ஒன்றை எடுத்து மறுத்தால் இன்னும் நல்லது.

"நன்மை தீமைகளை ஆராய்க" என்று வந்தால் மட்டும் நடுவர் வேலை. அங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் மதிப்பெண் போகும்.

"நான் ஒரு குடை", "குடையின் பயன்கள்", "நான் குடையானால்" மூன்றுக்கும் ஒரே விடை எழுதுகிறான்.

முதலாவதில் குடையே பேசுகிறது: "என்னை விரித்தார்கள், என் கம்பி வளைந்தது." இரண்டாவதில் மனிதர் குடையைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாவதில் மனிதர் கற்பனை செய்கிறார், ஆகவே "விரிவேன், நனைவேன், காப்பேன்" என்று எதிர்காலம். "நான்" என்பது யார் என்று எழுதத் தொடங்குமுன் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். நடுவில் "குடை நமக்கு மிகவும் பயன்படுகிறது" என்று ஒரு வரி நழுவி வந்தால் அந்த இடத்தில் குடை மறுபடி மனிதராகிவிட்டது.

கடிதத்தில் யாருக்கு என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

அந்த ஒரு சொல் மாறினால் கடிதம் முழுவதும் மாறும். தோழிக்கு என்றால் "அன்புள்ள", "நீ", நலம் விசாரிப்பு, உறவுமுறைக் கடித அமைப்பு. அலுவலருக்கு என்றால் அனுப்புநர், பெறுநர், "மதிப்பிற்குரிய ஐயா", பொருள், "தாங்கள்". "நலம், நலமறிய ஆவல்" என்று ஆணையரிடம் தொடங்கும் கடிதங்கள் ஒவ்வொரு திருத்தும் கட்டிலும் இருக்கும். நேர்மாறாக, பரிசு பெற்ற நண்பனை "தங்கள் வெற்றிக்கு வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று விறைப்பாக வாழ்த்துவதும் கேட்டதை எழுதாததுதான். அத்தைக்கு எழுதினால் "நீங்கள்". தம்பிக்கு எழுதினால் "நீ".

முகவரி பற்றி ஒன்று. வினாவில் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதையே எழுத வேண்டும். பொதுத்தேர்வில் சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ கடிதத்தில் எழுதக்கூடாது.

"பத்து வரிகளுக்கு மிகாமல்", "நூறு சொற்களுக்குக் குறையாமல்": எதை எப்படி எண்ணுவது?

மிகாமல் என்றால் மேல் எல்லை, குறையாமல் என்றால் கீழ் எல்லை. இரண்டும் "-ஆமல்" என்று முடிவதால் குழம்புகிறார்கள். "தாண்டாதே", "கீழே போகாதே" என்று சொல்லிப் பழக்குங்கள்.

தொடர் என்றால் வாக்கியம், வரி என்றால் தாளில் ஒரு கோடு. "ஐந்து தொடர்கள்" கேட்டால் ஐந்து முற்றுப்புள்ளி. சொல் கணக்குக்கு, குழந்தையின் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று ஒரு முறை எண்ணி வையுங்கள். ஐந்து என்றால் நூறு சொல்லுக்கு இருபது வரி. தேர்வில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

முழுக் கட்டுரை எழுத வைக்காதீர்கள். 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதினால் ஒரு வினாவைத்தான் படித்திருப்பார்கள். அதே நேரத்தில் பத்து வினாக்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

கரும்பலகையில் "மாமரம்" என்று எழுதுங்கள். வாலை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்: மாமரத்தின் பயன்களைப் பட்டியலிடுக, உன் தெருவில் உள்ள மாமரத்தை விவரிக்க, மாமரத்தையும் பனைமரத்தையும் ஒப்பிடுக, மாமரம் தன் கதையைக் கூறுவதாக எழுதுக, மாமரத்தை வெட்ட வேண்டாம் என ஊராட்சி மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் முதல் வாக்கியம் மட்டும் எழுத மூன்று நிமிடம். பிறகு யாராவது ஒருவர் தன் வாக்கியத்தைப் படிக்க, மற்றவர்கள் அது எந்த வினாவுக்கு உரியது என்று சொல்ல வேண்டும். இரண்டு வினாவுக்குப் பொருந்தும் வாக்கியம் வந்தால் அது பொத்தாம்பொதுவான வாக்கியம், திருத்த வேண்டும். முதல் வாரம் எல்லாருமே "மாமரம் நமக்குப் பழம் தருகிறது" என்றுதான் தொடங்குவார்கள். அந்த ஒரு வரி ஐந்தில் எத்தனைக்குப் பொருந்துகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் தலைகீழ்: முடிந்த விடை ஒன்றைக் கொடுத்து வினாவைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அதற்கு அடுத்த வாரம் மாணவரே வினா எழுதி, பக்கத்து இருக்கைக்குக் கொடுக்கலாம். தானே வினா எழுதிய பிறகுதான் "உம்"மும் "உடன்"னும் எதற்கு என்று பலருக்குப் பிடிபடுகிறது.

ஆசிரியராக நான் தரும் வினாவே மங்கலாக இருந்தால்?

"மரம் பற்றி எழுதுக" என்று கேட்டால் வந்ததை ஏற்கத்தான் வேண்டும். யார் பேசுகிறார், யாரிடம், எதைப் பற்றி, எந்த வடிவில், எவ்வளவு என்ற ஐந்தில் குறைந்தது மூன்று வினாவில் இருக்கட்டும். "பள்ளி வளாகத்தில் உள்ள ஒரு மரத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார். அதன் பட்டையையும் இலையையும் அதில் வாழும் உயிர்களையும் பற்றி, அதைப் பார்த்திராத உன் பாட்டிக்குச் சொல்வதுபோல் எட்டுத் தொடர்கள் எழுது." சிறிய வகுப்பில் "எழுதுக"வுக்குப் பதில் "எழுது" போதும். ஆனால் ஒரே வினாவில் நான்கு "உம்" போடாதீர்கள். ஒன்பது வயதுக்கு மூன்றே அதிகபட்சம்.

திருத்தும்போது எதை முதலில் பார்ப்பது?

சிவப்பு மையைத் தொடுமுன், வினா கேட்ட துண்டுகளை ஓரத்தில் எண்ணிக் குறியிடுங்கள். ஐந்தில் எத்தனை வந்திருக்கிறது? அதற்கென்று தனி மதிப்பெண் ஒதுக்குங்கள், பத்துக்கு நான்கு என்பது எங்கள் பரிந்துரை. அதன் பிறகு ல, ள, ழ மயக்கமும் ஒற்றுப்பிழையும். வரிசை மாறினால், வினாவைவிட்டு விலகிய சுத்தமான விடைக்கு எட்டும், சரியாகப் புரிந்துகொண்டு பிழையோடு எழுதியதற்கு நான்கும் விழும். அடுத்த தேர்வில் இரண்டு பிள்ளைகளுமே வினாவைப் படிக்க மாட்டார்கள்.

பொதுத்தேர்வில் வினாவைப் படிக்க நேரம் போதுமா?

பத்தாம் வகுப்பில் வினாத்தாள் படிக்கவென்றே 10 நிமிடம் தருகிறார்கள். அதை ஒரு மதிப்பெண் வினாக்களில் செலவழிக்க வேண்டாம், அவற்றை எழுதும்போதே படிக்கலாம். 5 மதிப்பெண், 8 மதிப்பெண் வினாக்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். "அல்லது" உள்ள இடங்களில் இரண்டையும் வாலிலிருந்து படித்து, எதன் எல்லாத் துண்டுகளுக்கும் சரக்கு இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைப்பு பிடித்திருக்கிறது என்பதற்காக எடுத்து, நடுவில் ஒரு துண்டுக்கு ஒன்றும் தெரியாமல் நிற்பது வழக்கமாக நடக்கிறது.

வினாத்தாளில் கோடு போடலாமா?

வகுப்புத் தேர்வில் பென்சிலால் போடலாம். மற்ற தேர்வுகளில் அறைக் கண்காணிப்பாளர் சொல்வதுதான் முடிவு. எழுதக்கூடாது என்றால் துண்டுகளை இடக்கை விரலில் எண்ணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள்.